மோட்டார் அண்ணனின் உணவுக்குழாய்

இருபத்திரண்டு வருடங்களாக ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்களுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸாக இருக்கிறேன். வயிறு, மார்பு, கழுத்து என்று எத்தனையோ பேரைத் திறந்து மூடிய மேஜையின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். அத்தனை பேரிலும், தன்னை அறுக்கப்போகும் கருவிகளை வரவழைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து, அதில் ஒன்றை "இது ஆகாது" என்று திருப்பி அனுப்பிய நோயாளி ஒரே ஒருவர்தான். அவர் சொன்னது சரியாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகாத விஷயம்.

அவர் பெயர் ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்கிறது. வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அரிமளம், திருமயம் வட்டாரத்தில் மோட்டார் அண்ணன் என்றால்தான் தெரியும். எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் சுலபத்தில் கிடைப்பதில்லை. முந்நூறு, நானூறு அடிக்கு போர் போட்டு, அடியில் மோட்டாரை இறக்கி வைத்திருப்பார்கள். சில சமயம் கயிறு அறுந்தோ பைப் உடைந்தோ அந்த மோட்டார் உள்ளேயே விழுந்து சிக்கிக்கொள்ளும். ஒரு சாண்கூட அகலமில்லாத ஓட்டைக்குள், கண்ணுக்கே தெரியாத ஆழத்தில் கிடக்கிற அதை, கொக்கி போட்டு மேலே கொண்டுவருவதுதான் அண்ணனின் தொழில். முப்பது வருடமாக அதைத்தான் செய்தார்.

சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் இஞ்ச் டேப் வைத்திருப்பார். போன் வந்தால் "ஹலோ" சொல்லமாட்டார். "எத்தனை அடி?" என்பார். அவரைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோருமே ஏதோ ஓர் ஆழத்தில் மோட்டாரைத் தவறவிட்டவர்கள். நலம் விசாரித்து நேரத்தை வீணாக்குவானேன் என்பது அவர் கட்சி. இந்தக் கட்சி அவருக்கே வினையானது. சதையைக் கிள்ளி எடுத்துச் செய்த பரிசோதனையின் முடிவு வந்த அன்று எங்கள் ரிசப்ஷன் பெண் அவருக்கு மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் "எத்தனை அடி?" என்று கேட்டதும் ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். நான்காவது முறை அவர் மனைவி பாக்கியம் அக்கா எடுத்ததால்தான் அவருக்குப் புற்றுநோய் என்ற தகவல் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்களிடம் வரும்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முதலில் சோறு தொண்டைக்குக் கீழே நின்றிருக்கிறது. பிறகு இட்லி நின்றிருக்கிறது. பிறகு கஞ்சி மட்டும் இறங்கியிருக்கிறது. இந்த நிலையில் வருகிற மற்றவர்கள் பயந்துபோய் வருவார்கள். இவர் அளந்துகொண்டு வந்திருந்தார். கண்ணாடி முன் நின்று, இட்லி எந்த இடத்தில் உறுத்துகிறது என்று விரல் வைத்துப் பார்த்து, பல்லிலிருந்து அந்த இடம் வரைக்கும் இஞ்ச் டேப் பிடித்திருக்கிறார்.

டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "பதினோரு இஞ்சுல அடைப்பு இருக்குங்க. முழுசா அடைக்கல. சுண்டுவெரலு மொத்தத்துக்கு வழி இருக்கு."

டாக்டரம்மா அதை அப்படியே ஃபைலில் எழுதிக்கொண்டார். அவர் அதிகம் பேசாத பேர்வழி. ஒல்லியான, குள்ளமான பெண்மணி. உணவுக்குழாய் அறுவையில் இந்தப் பக்கம் அவரை விட்டால் ஆளில்லை. பேசினால் தியேட்டரே முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். பத்து வார்த்தை தேவைப்படுகிற இடத்தில் நான்கு வார்த்தை போடுவார். கேமரா குழாயை விட்டுப் பார்த்தபோது கட்டி பல்லிலிருந்து இருபத்தெட்டு சென்டிமீட்டரில் இருந்தது. நான் யாரும் பார்க்காதபோது போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு இஞ்ச். டாக்டரம்மாவிடம் சொன்னேன். தற்செயல் என்றார். அண்ணன் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் ஐந்து வாரம் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள். அதற்குப் பிறகு உடம்பு தேற ஒன்றரை மாதம். அந்தக் காலம் முழுக்க பாக்கியம் அக்கா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சத்துமாவுக் கஞ்சியோ முட்டையோ கரைத்துக் கொடுத்து, ஏழு கிலோ ஏற்றிக் கொண்டுவந்தார். பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கும் நாள் வந்தது. சாதாரணமாக அது கால் மணி நேர வேலை. டாக்டர் சொல்வார், நோயாளி தலையாட்டுவார், கூட வந்தவர்கள் அழுவார்கள், கையெழுத்தாகும். அண்ணனுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. தேதி குறிக்கப் போன நான் கால் வலிக்க நின்றேன்.

அவர் நாற்பது பக்க நோட்டில் கேள்வி எழுதி வந்திருந்தார். நாற்பது பக்கமும்.

டாக்டரம்மா ஒரு தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். உணவுக்குழாய் என்பது தொண்டையிலிருந்து வயிறுவரை, முதுகெலும்புக்கு முன்னால், மூச்சுக்குழாய்க்குப் பின்னால், இதயத்தை உரசிக்கொண்டு இறங்குகிற ஒரு முழ நீளத்துக்கும் குறைவான தசைக்குழாய். அதை எடுக்க மூன்று வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, விலாவில் நீளமாகக் கீறி, எலும்புகளுக்கு நடுவே விரிப்பான் வைத்துத் திருகித் திறந்து எடுப்பது. இரண்டு, மார்பையே திறக்காமல், கீழே வயிற்று வழியாகவும் மேலே கழுத்து வழியாகவும் கை விட்டு, தடவித் தடவிப் பிரித்து உருவிவிடுவது. மூன்று, மார்பில் விரல் நுழைகிற அளவுக்கு நான்கைந்து ஓட்டை போட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே நீளக் கருவிகளால் பிரிப்பது. எந்த வழியில் எடுத்தாலும், போன குழாய்க்குப் பதிலாக வயிற்றையே குழாய் மாதிரி வெட்டித் தைத்து, மேலே இழுத்துக் கழுத்தில் இணைக்க வேண்டும்.

அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தார். விரிப்பானை ஜாக்கி என்று புரிந்துகொண்டு, நல்ல ஐட்டம்தான், ஆனால் வேண்டாம் என்றார். இரண்டாவது வழியின் மேல் விரலை வைத்தார்.

"இது மட்டும் ஆகாதுங்க. கண்ணுக்குத் தெரியாம உருவுனா அங்கிட்டு இங்கிட்டு கிழியும். நான் முப்பது வருசம் அதைத்தான் செஞ்சேன். வேற வழியில்லாம செஞ்சேன். ஒங்களுக்குத்தான் கேமரா இருக்கே."

அப்படியானால் மூன்றாவது வழிதான் என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அவர் அதைத்தான் செய்வதாக ஒரு வாரம் முன்பே முடிவு செய்து எனக்குப் பட்டியலும் கொடுத்திருந்தார். சில நோயாளிகளுக்கு இரண்டாவது வழிதான் நல்லது, இவருக்கு அல்ல என்று பின்னால் என்னிடம் விளக்கினார். அதை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "அவர் முடிவாவே இருக்கட்டும்" என்றார். மூன்று வார்த்தை. அன்றிலிருந்து அரிமளம் கடைத்தெருவில், ஆபரேஷன் முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது தான்தான் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

இரண்டரை மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாப்புடுவாரா?"

"கொஞ்சம் கொஞ்சமா. ஆனா சாப்புடுவார்" என்றார் டாக்டரம்மா.

அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் போடவில்லை. சாமான்களைப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றார். அடுத்தவர் போரில் கொக்கியை இறக்குவதற்கு முன், எல்லாச் சாமானையும் சாக்கில் பரப்பி வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டுத்தான் வேலை ஆரம்பிப்பாராம். "இப்ப நான்தானேங்க வீட்டுக்காரன்" என்றார். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கருவி அறைக்குப் போனேன்.

கழுவித் துடைத்து, இன்னும் துணியில் கட்டி ஆவியில் வைக்காத கருவிகளை ஒரு ட்ரேயில் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். எங்கள் அப்பா மீமிசலில் மீன் ஏலம் எடுத்தவர். சாமானைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆட்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் அண்ணன் முகம் சுளிக்கவில்லை. கோயிலுக்குள் போகிறவர் மாதிரி எழுந்து நின்று, கை கழுவ எங்கே போகணும் என்று கேட்டார். கழுவிவிட்டு வந்து ஒவ்வொன்றாக எடுத்தார்.

சதையை நசுக்காமல் வளைத்துப் பிடிக்கிற இடுக்கியை எடுத்துத் தன் காது மடலைப் பிடித்துப் பார்த்து, வலிக்கவில்லை, நல்ல பிடி என்றார். நீளக் கத்தரியை மூடித் திறந்து காதருகே வைத்துச் சத்தம் கேட்டார். வயிற்றைக் குழாயாக வெட்டும் ஸ்டேப்ளரின் பழைய மாதிரி ஒன்று இருந்தது. ஒரே அமுக்கில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கம்பித் தையல் போட்டு, நடுவில் வெட்டிக்கொண்டே போகும் என்று காட்டினேன். அதை அவர் கீழே வைக்கவே இல்லை. இதைக் கண்டுபிடித்தவன் பைப் வேலை பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

பிறகு ஊசியைப் பிடிக்கிற இடுக்கியை எடுத்தார். நாங்கள் நீடில் ஹோல்டர் என்போம். கழுத்தில் இணைப்புத் தைக்கும்போது டாக்டரம்மா கையில் இருப்பது அதுதான். அண்ணன் அதன் பிடியிலுள்ள பூட்டை இரண்டாம் பல்லில் மாட்டினார். மேஜை விளிம்பில் மெல்லத் தட்டினார். படக்கென்று திறந்துகொண்டது. மறுபடி பூட்டி, மறுபடி தட்டினார். மறுபடி திறந்தது.

"இது ஆகாது" என்று ட்ரேக்கு வெளியே தனியாக வைத்தார்.

நர்ஸிங் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சோதனை அது. பூட்டித் தட்டிப் பார், திறந்தால் ஒதுக்கு. நான் அதைச் செய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். அண்ணன் என்னை அதுவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று, பரவாயில்லை தங்கச்சி, தேய்மானம் யாருக்கும் கண்ணில் படாது என்று சொல்லி, ஃபைலை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் மொத்த ஸ்டோரையும் தட்டிப் பார்த்தேன். இன்னும் இரண்டு திறந்தன. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று காலை மேஜையில் படுத்ததும் மேலே விளக்கைப் பார்த்தார். ஒயர் நன்றாக இழுத்திருக்கிறார்கள் என்றார். மயக்க மருந்து ஏறுவதற்கு முன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சாமானையெல்லாம் எண்ணி வச்சுக்க தங்கச்சி. உள்ள ஒண்ணு விட்டுப்போச்சுன்னா எடுக்க நான் வர முடியாது."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கண் மூடினார்.

இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, வலது நுரையீரலைச் சுருங்க விட்டு, மார்பில் நான்கு ஓட்டை போட்டார்கள். கேமரா உள்ளே போனது. முதல் ஒன்றரை மணி நேரம் ஒழுங்காகப் போனது. குழாய் முதுகெலும்பிலிருந்து பிரிந்தது, பெரிய ரத்தக்குழாயிலிருந்து பிரிந்தது. பிறகு திரையில் எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். கட்டி இருந்த இடத்தில், உணவுக்குழாய் மூச்சுக்குழாயின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கிடந்தது. இரண்டு இஞ்ச் நீளம். கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் சதைகள் பசை போட்ட மாதிரி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். மூச்சுக்குழாயின் பின்சுவர் வெங்காயத் தோல் மாதிரி. அது கிழிந்தால் மேஜையிலிருந்து ஆளை எழுப்புவது கஷ்டம். கட்டியை அங்கே விட்டுவிட்டு மூடினால், அவருக்கு அதிக நாள் இல்லை.

டாக்டரம்மா இரண்டு கருவிகளையும் வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். திரையில் அந்த இடத்தையே பார்த்தபடி நின்றார். கேமரா பிடித்துக்கொண்டிருந்த டாக்டர், கீழிருந்து லேசாக இழுத்துப் பார்க்கலாமா என்றார்.

"வேண்டாம். கண்ணுக்குத் தெரியாம உருவக்கூடாதுன்னு ஐயாவே சொல்லியிருக்கார்."

தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை. அது ஜோக் மாதிரிச் சொல்லப்படவும் இல்லை. டாக்டரம்மா மறுபடி கருவிகளைக் கேட்டார். அரிசி மணி அரிசி மணியாகப் பிரிக்க ஆரம்பித்தார். அந்த இரண்டு இஞ்சுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி நார் விட்டதும், மயக்க மருந்து டாக்டர் மூச்சுக்குழாயில் காற்றுக் கசிகிறதா என்று சோதித்தார். கசியவில்லை.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகு சுலபமாகத் தெரிந்தது. மல்லாக்கத் திருப்பி, வயிற்றை அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாயோடு சேர்த்து விடுவித்து, ஸ்டேப்ளரால் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குக் குழாயாக்கி, மார்பு வழியாக மேலே ஏற்றி, இடது கழுத்தில் தைத்தார்கள். புது நீடில் ஹோல்டர் கடைசி வரை திறக்கவில்லை. சாமான்களை மூன்று முறை எண்ணினேன். விதிப்படி இரண்டு முறை போதும்.

எடுத்த உணவுக்குழாயை ட்ரேயில் வைத்து வெளியே காட்டப் போனேன். பாக்கியம் அக்கா அதை உற்றுப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா இம்புட்டு நாளு போச்சு" என்றார். பிறகு, அவர் கண் முழித்தாரா என்று கேட்டார்.

முழித்தார். மூன்றாம் நாளே நாற்காலியில் உட்கார்ந்து வார்டை நிர்வாகம் செய்ய ஆரம்பித்தார். குரல் மட்டும் காற்றாக வந்தது. குரல்நாணுக்குப் போகும் நரம்பு அந்த வழியில்தான் ஓடுகிறது, கொஞ்சம் அசங்கியிருந்தது. ஆனால் அந்தக் காற்றுக்குரலே வார்டுக்குப் போதுமானதாக இருந்தது. நுரையீரல் விரிவதற்காக மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் பெட்டி கொடுப்போம். குழாயில் மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏறும். பெரும்பாலோர் ஒரு பந்தோடு சலித்துப்போவார்கள். அண்ணன் அதை வார்டு முழுக்கப் போட்டியாக்கினார். நான்காம் நாள் மூன்று பந்தையும் ஏற்றி முதலிடம் பிடித்தார். ஐந்தாம் நாள், பெட்டியைச் சாய்த்து வைத்து ஏற்றுகிறார் என்பதை எதிர்க்கட்டில்காரர் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தார். தியேட்டர் வேலை முடிந்து தினமும் அவரைப் பார்க்கப் போகும் என்னிடம் விசாரணை வந்தது. அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிமிர்த்தி வைத்து மூச்சை இழுத்தார். இரண்டு பந்து. அதுவே நல்ல இரண்டு பந்து.

ஆறாம் நாள் கழுத்தில் தையல் சிவந்தது. லேசாகக் காய்ச்சல். கட்டுத் துணி ஈரமாக இருந்தது. டாக்டரம்மா வந்து தோலில் இரண்டு தையலைப் பிரித்தார். எச்சில் வழிந்தது. உள்ளே போட்ட இணைப்பு ஓரிடத்தில் விட்டிருக்கிறது. இந்த ஆபரேஷனில் இது சிலருக்கு வரும். கழுத்தில் வந்தால் பெரும்பாலும் தானே மூடும். இவையெல்லாம் எங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஜாயின்ட் கசிகிறது.

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. பந்துப் பெட்டியைத் தொடவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். குடலில் போட்ட சிறு குழாய் வழியாகத்தான் ஆகாரம் போய்க்கொண்டிருந்தது. அது ஏறுகிறதா என்றுகூட அவர் பார்க்கவில்லை. வார்டு அவ்வளவு அமைதியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் என் வேலை முடிந்ததும் அவர் கட்டில் பக்கம் போய் நின்றேன். பாக்கியம் அக்கா கண்ணால் நாற்காலியைக் காட்டிவிட்டு, துணி துவைக்கப் போனார்.

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே பேசினார். நார்த்தாமலைப் பக்கம் ஒரு சம்சாரியின் போர். கடலைச் செடி பூத்து நிற்கிற நேரத்தில் மோட்டார் விழுந்திருக்கிறது. பயிர் வாடுகிறது, சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரம். நிதானமாகச் சுற்றிலும் இளக்கி எடுத்திருக்க வேண்டியதை, சங்கிலி போட்டு ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார். பைப் உடைந்து, உள் குழாய் கிழிந்து, மண் சரிந்து, போரே மூடிப்போனது. அந்த வருடக் கடலை முழுக்கக் காய்ந்தது.

"அந்த ஆளு திட்டியிருந்தா மறந்திருப்பேன் தங்கச்சி. கடைக்குக் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுத்தாரு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"அதுக்குப் பெறகு எந்த வேலையும் எங் கையில கெட்டுப்போனதில்ல. இப்ப என் ஒடம்பே போகுது."

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் மொத்தத்தையும் சொன்னேன். ரவுண்ட்ஸில் கட்டிலுக்குக் கட்டில் நின்றுகொண்டே போகிறவர், அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பார்த்து அவர் வார்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன், திறந்து மறுபடி தைத்துவிடும்படி கேட்டார்.

"இப்பப் பிரிச்சுத் தச்சா நூல் பிடிக்காது ஐயா. உள்ள ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. அதுவா மூடும்."

"எத்தனை நாளுங்க?"

"தெரியாது."

"நீங்க ஒண்ணும் பண்ணப் போறதில்லயா?"

"பண்றேன். காத்திருக்கேன்."

அண்ணன் சுவரிலிருந்து திரும்பினார். தொழிலில் அவரிடம் எத்தனையோ பேர் இத்தனை மணி நேரத்தில் எடுத்துத் தருகிறேன் என்று சவால் விட்டிருக்கிறார்கள். நேருக்கு நேராகத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்தான் என்று அப்புறம் என்னிடம் சொன்னார். அன்று மதியம், நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். எழுத இடமில்லாததால் அட்டையில் கோடு போட்டார்.

அதன் பிறகு எங்களுக்குத்தான் கஷ்டகாலம். கழுத்திலிருந்து வழிவதைத் துடைக்கும் துணிகளை அவர் எண்ண ஆரம்பித்தார். காலை எத்தனை, மதியம் எத்தனை, எவ்வளவு ஈரம், என்ன நிறம் எல்லாம் அட்டையில் ஏறின. ஒருநாள் எங்கள் சார்ட்டில் ஐந்து என்றும் அவர் அட்டையில் ஆறு என்றும் இருந்தது. டியூட்டி நர்ஸ் சண்டை போட்டாள். குப்பைக் கூடையை எடுத்துப் பார்த்தோம். ஆறு. பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. ஆறு, நான்கு, நான்கு, மூன்று. ஒருநாள் மறுபடி ஐந்து ஆனது. அன்று பாக்கியம் அக்கா சாப்பிடவில்லை. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. ஒருநாள் துணி காய்ந்தே இருந்தது. அதை அவர் அட்டையில் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. கேட்டபோது, சொன்னால் கண் பட்டுவிடும் என்று காற்றுக்குரலில் சொன்னார். அட்டையில் கோடு போட்டு விஞ்ஞானம் பேசிய மனிதர்.

இரண்டு நாள் பொறுத்து எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போய், திரையில் தெரிகிற மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். இந்த ஆபரேஷன் செய்துகொண்ட எந்த நோயாளியும் முதலில் பயப்படுவது அந்த ஒரு மடக்குக்குத்தான். அண்ணன் திரையைத் தன் பக்கம் திருப்பினால்தான் குடிப்பேன் என்றார். திருப்பினார்கள். குடித்தார். வெள்ளைக் கோடு ஒன்று கழுத்தில் இறங்கியது, இணைப்பைத் தாண்டியது, பக்கவாட்டில் எங்கும் ஒதுங்காமல், மார்பில் நிமிர்ந்து நின்ற புது வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு மடக்குக் கொடுக்க முடியுமா என்று அண்ணன் கேட்டார்.

வார்டுக்கு வந்ததும் பாக்கியம் அக்கா ஒரு ஸ்பூன் வெந்நீர் கொடுத்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு வாய் வழியாக இறங்கிய முதல் தண்ணீர். மொத்த வார்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அவர் மோவாயைத் துடைத்துவிட்டு, சிந்தாமல் குடிக்கத் தெரியாதா என்றார். பிறகு ஸ்பூனைக் கழுவப் போனவர் கால் மணி நேரம் வரவில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அண்ணன் ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு கிண்ணம் சாப்பிடுகிறார். சாய்ந்த தலையணையில்தான் தூங்க முடியும். குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது. அந்தக் கால்வாசியும் வந்திருந்தால் ஊர் தாங்காது என்பது அக்காவின் கருத்து. பளு தூக்கக் கூடாது என்பதால் போரில் நேரடியாக வேலை பார்ப்பதில்லை. ஆட்கள் வேலை செய்ய, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இழுக்காதே இழுக்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. இதே ஆபரேஷனுக்குப் பயப்படுகிற நோயாளிகளிடம் பேச டாக்டரம்மா அவரைக் கூப்பிடுவார். முதல் முறை ஒரு பெரியவரிடம் ஒரு சைக்கிள் டியூபையும் கத்தரியையும் வைத்து முழு ஆபரேஷனையும் செய்து காட்டினார். பெரியவர் அன்றைக்கே டிஸ்சார்ஜ் கேட்டு ஊருக்குப் போய்விட்டார். பாக்கியம் அக்கா பஸ் ஏறிப் போய், அவர் மனைவியிடம் பேசி, நான்காம் நாள் திரும்பக் கூட்டிவந்தார். அந்தப் பெரியவரும் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். அதற்குப் பிறகு அண்ணன் சைக்கிள் டியூப் கொண்டுவரக் கூடாது, ஜாக்கி என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. இரண்டையும் கடைப்பிடிக்கிறார். இப்போது நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, உரித்து, அவர் முன்னாலேயே மெதுவாகத் தின்கிறார். வேறு ஒன்றும் பேசுவதில்லை. அதைப் பார்த்தபிறகு கையெழுத்துப் போடாதவர் இதுவரை ஒருவரும் இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு வியாழக்கிழமையில், கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஸ்கேன். வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. அந்த ஒரு வியாழனில் மட்டும் நான் டியூட்டியை மாற்றிக்கொண்டு போய்விடுவேன். ஏன் வந்தீர்கள் என்று தியேட்டரில் கேட்டால், ஆவியில் வைக்க மூட்டை கட்ட வேண்டிய துணி நிறைய இருக்கிறது என்பேன். மதியம் ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறவரைக்கும் ஒரே துணியை மடித்துக்கொண்டிருப்பேன்.